சாய்த்த பிறகு நிமிர்த்த வேண்டும்

எனக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் ஐந்தாம், ஆறாம் மட்டத்தில் (சி-5, சி-6) அடி. தோள் வேலை செய்யும், முழங்கையை மடக்க முடியும், மணிக்கட்டைக் கொஞ்சம் மேலே தூக்க முடியும். விரல்கள் எதையும் பிடிக்காது. மார்புக்குக் கீழே தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. விபத்துக்கு முன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தேன். இப்போது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டு முன்னறையில், மாலை நேரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். பகல் முழுவதும் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் இரண்டு மணி நேரம் பாடமும் நடத்த முடிகிறது என்றால், அதற்குக் காரணம் முதுகு சாயும் சக்கர நாற்காலிதான். அதைத் தேர்ந்தெடுத்தபோதும் அன்றாடம் பயன்படுத்தும்போதும் தெரிந்துகொண்டவற்றை, என்னைப் போன்றவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் எழுதி வைக்கிறேன். நான் சொல்லச் சொல்ல மகன் தட்டச்சு செய்கிறான்.

மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில் எங்களிடம் இருந்தது வழக்கமான மடக்கு நாற்காலி. தெரிந்த ஒருவர் அன்போடு கொடுத்தது. அதன் முதுகு என் தோள்பட்டைக்குக் கீழேயே முடிந்துவிடும். வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் வேலை செய்யாத உடலை அதில் உட்கார வைத்தால் அரை மணி நேரத்தில் மூட்டை சரிவதுபோல ஒரு பக்கம் சரிந்துவிடும். தலை கனக்கும். நேராக உட்கார்ந்த சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். உடனே கட்டிலில் படுக்க வைக்க வேண்டும். என்னைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்; பகலில் வீட்டில் இருப்பவர் என் மனைவி ஒருவர்தான். பக்கத்து வீட்டுத் தம்பி வேலைக்குப் போகும் முன் காலையில் ஒரு கை கொடுப்பார், மாலையில் வந்து ஒரு கை கொடுப்பார். நடுவில் மயக்கம் வந்தால்? அதற்குப் பயந்தே பல நாட்கள் நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

சாயும் நாற்காலி எங்களுக்குத் தீர்த்துவைத்தது முதலில் இந்தச் சிக்கலைத்தான். காலையில் ஒரு முறை தூக்கி வைத்தால் போதும். மயக்கம் வந்தால் முதுகைச் சாய்த்துக் காலை உயர்த்திவிடலாம். மதியம் உடம்பை நீட்டிப் படுக்கலாம். சிறுநீர்க் குழாயைச் சுத்தம் செய்யலாம், உடுப்பைச் சரிசெய்யலாம். எல்லாவற்றையும் ஒருவரே செய்துவிட முடியும். வசதியான நாற்காலி என்று விளம்பரங்களில் சொல்கிறார்கள். என் மனைவியைக் கேட்டால், பகலில் தூக்க வேண்டிய அவசியத்தை ஒழித்த நாற்காலி என்றுதான் சொல்வார்.

வாங்கும் முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பின்னால் சாயும் நாற்காலியில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் இருக்கை அப்படியே இருக்கும், முதுகு மட்டும் சாயும். இடுப்புக் கோணம் 90 டிகிரியிலிருந்து விரிந்து, சிலவற்றில் கிட்டத்தட்ட படுக்கையாகவே ஆகிவிடும். மற்றொன்றில் இருக்கையும் முதுகும் ஒரே கோணத்தில் சேர்ந்தே பின்னால் சாயும்; உட்கார்ந்த நிலை மாறாது, பாரம் மட்டும் பிட்டத்திலிருந்து முதுகுக்கு மாறும். இதைக் கடைகளில் டில்ட் என்கிறார்கள். இரண்டும் சேர்ந்த நாற்காலிகளும் இருக்கின்றன, விலை கூடுதல். உடல் அடிக்கடி வெட்டி இழுப்பவர்களுக்கும், உட்கார வைத்த இடத்திலிருந்து வழுக்கிக்கொண்டே இருப்பவர்களுக்கும் டில்ட்தான் பெரும்பாலும் நல்லது. முதுகு சாய்வது வேறு சில தேவைகளுக்கு: இடுப்பு மூட்டு இறுகி 90 டிகிரிக்கு மடங்காதவர்கள், பகலில் இடுப்பை நீட்டி வைக்க வேண்டியவர்கள், நாற்காலியிலேயே குழாய் மாற்ற வேண்டியவர்கள். எனக்கு மூன்றாவது தேவை பெரிது, இரண்டாவதும் உண்டு. வெட்டி இழுப்பது மருந்தில் ஓரளவு அடங்கியிருந்தது. அதனால் முதுகு சாயும் வகையை எடுத்தோம். எந்த வகை என்பதை இயன்முறை மருத்துவர் உடலைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். கடைக்காரர் சொல்லக் கூடாது.

அளவு விஷயத்தில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நாங்கள் முதலில் போன கடையில் 18 அங்குல இருக்கை மட்டும்தான் இருந்தது. "எல்லாருக்கும் பொதுவான அளவு சார், தாராளமாக உட்காரலாம்" என்றார்கள். தாராளம்தான் ஆபத்து. இருக்கை அகலமாக இருந்தால் உடல் ஒரு பக்கமாகச் சாயும், பாரம் முழுவதும் ஒரே பிட்டத்து எலும்பில் இறங்கும், மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் முதுகெலும்பு வளையத் தொடங்கும். இடுப்பின் மிக அகலமான இடத்தை உட்கார்ந்த நிலையில் அளந்து, அதோடு ஒன்று முதல் இரண்டு அங்குலம் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அடிபட்ட பின் இளைத்துப்போன எனக்கு இடுப்பு 14.5 அங்குலம், 16 அங்குல இருக்கை சரியாக இருந்தது. ஆழமும் அப்படியே: பிட்டத்தின் பின்னிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து, அதில் இரண்டு அங்குலம் குறைக்க வேண்டும். ஆழம் கூடினால் இருக்கையின் முன்விளிம்பு முழங்கால் மடிப்பில் குத்தும், உடலும் முன்னால் இழுக்கப்பட்டு வழுக்கும். குறைந்தால் தொடைக்குத் தாங்கல் இல்லாமல் பாரம் எல்லாம் பின்னாலேயே நிற்கும்.

அடுத்து தலை தாங்கி. சாயும் நாற்காலியில் தலை தாங்கி இல்லையென்றால் அதை வாங்கவே வேண்டாம். பாதி சாய்ந்த நிலையில் கழுத்து தலையைத் தாங்கிக்கொண்டு நிற்க முடியாது. தாங்கி உயரத்திலும், முன்பின்னாகவும் நகர வேண்டும். எங்களுடையதில் முதலில் வந்த தாங்கி என் தலையை முன்னால் தள்ளியது. தாடை நெஞ்சில் இடித்தது, விழுங்கச் சிரமமாக இருந்தது. தையல்காரரிடம் கொடுத்து நடுவில் இருந்த பஞ்சைக் குறைத்துத் தைத்து வாங்கினோம். கைதாங்கி கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கட்டிலிலிருந்து பக்கவாட்டில் மாற்றும்போது அது இருந்தால் தொடை இடிபடும். கால் தாங்கி உயரக்கூடியதாகவும், கெண்டைக்கால் அணையோடும் இருக்க வேண்டும்.

வீட்டையும் அளக்க வேண்டும். சாயும் நாற்காலியில் பின்சக்கரங்களைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்திருப்பார்கள், சாய்க்கும்போது கவிழாமல் இருப்பதற்காக. அதனால் நாற்காலி நீளம். திருப்ப இடம் அதிகம் வேண்டும். தானே கையால் சக்கரத்தை உருட்டிப் போகிறவர்களுக்கு அந்தத் தூரம் தோளை வருத்தும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முழுதாகச் சாய்த்துக் காலை உயர்த்தினால் ஏறக்குறைய ஆறு அடி இடம் பிடிக்கும். குளியலறைக் கதவு நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டரை அடி. நிலையும், திறந்து நிற்கும் கதவின் தடிப்பும் போக மீதி எவ்வளவு என்று அளந்து பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். 16 அங்குல இருக்கை வாங்கியதால் எங்கள் நாற்காலியின் மொத்த அகலம் 24 அங்குலம். 18 அங்குல இருக்கையாக இருந்திருந்தால் குளியலறைக்குள் நுழைந்தே இருக்காது. வாசலில் நிலைப்படி 5 அங்குல உயரம். ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்ற கணக்கில் 5 அடிக்குச் சரிவு வேண்டும். கொத்தனார் அதைப் பாதியாகக் குறைத்துக் கட்டலாம் என்றார், திண்ணையோரம் இடம் மிச்சமாகும் என்று. என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. நாற்காலி மட்டுமே 25 கிலோ, அதில் நானும் இருக்கிறேன். தினமும் தள்ளப்போவது அவர்தான்.

வாங்குவதற்கு முன் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதுவும் ஐந்து நிமிடம் அல்ல. நல்ல மறுவாழ்வு மையங்களில் இதற்கு வழி இருக்கும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கிய மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நடந்த சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். அந்த நிலையம் 1966இல் தொடங்கியது. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணனும் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்தான். இப்படிப்பட்ட இடங்களில் நாற்காலியை ஒரு பொருளாகப் பார்க்காமல் உடலின் பகுதியாகப் பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது: உடலை மதிப்பிட்டு, அளந்து, பொருத்தி, பயன்படுத்துபவருக்கும் குடும்பத்துக்கும் பயிற்சி கொடுத்து, பிறகும் வந்து பார்க்க வேண்டும். போக முடியாதவர்கள், வாடகைக்குக் கிடைக்கும் ஊர்களில் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம். வாங்கிய பின் மாற்றித் தர எந்தக் கடையும் எளிதில் முன்வராது.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புவது. சாய்ப்பதைப் பற்றி எல்லோரும் சொல்லிக் கொடுப்பார்கள். சாய்த்த முதுகை நிமிர்த்தும்போது என்ன நடக்கிறது என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. நாற்காலி மடங்கும் இடமும் நம் இடுப்பு மூட்டு மடங்கும் இடமும் ஒன்றல்ல. நாற்காலியின் கீல் இடுப்பு மூட்டுக்குப் பின்னால், கீழே இருக்கிறது. அதனால் முதுகு இறங்கும்போது உடல் ஒரு வழியிலும் முதுகுத்துணி இன்னொரு வழியிலும் நகரும். சட்டை சுருண்டு மேலே ஏறும். மறுபடி நிமிர்த்தும்போது முதுகு நம்மைப் பின்னாலிருந்து தள்ளும், பிட்டம் முன்னால் வழுக்கும். வெளியே பார்த்தால் நன்றாக உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். உண்மையில் பாரம் பிட்டத்து எலும்புகளை விட்டுவிட்டுப் பின்னிடுப்பு எலும்பின் மேல் வந்துவிட்டிருக்கும். அங்கே சதை இல்லை, தோல்தான் இருக்கிறது. உணர்வு இல்லாத எனக்கு அது தெரியவும் தெரியாது. தோல் ஓரிடத்தில் ஒட்டி நிற்க, எலும்பு உள்ளே நகர்வதால், நடுவில் உள்ள இரத்தக் குழாய்கள் இழுபடும். படுக்கைப் புண் வெறும் அழுத்தத்தால் மட்டும் வருவதில்லை. இந்த இழுபாடும் சேர்ந்தால் சீக்கிரமே வரும்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் இரண்டு பிரேக்கும் போட வேண்டும். சாய்க்கும்போது முதுகு முன்னே இறங்கும், கால் பிறகு உயரும். தொடையின் பின்தசை இறுகியிருப்பதால், நேராக உட்கார்ந்திருக்கையில் காலை நீட்டித் தூக்கினால் அது இடுப்பை முன்னால் இழுத்துவிடும். நிமிர்த்தும்போது இதற்கு நேர்மாறு: முதலில் கால் இறங்கும், பிறகு முதுகு எழும். முதுகு எழுந்ததும் மனைவி என் முன்னால் வந்து நிற்பார். என் இரண்டு கைகளையும் என் மடியில் வைத்து, தோள்களைப் பிடித்து என்னைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொள்வார். என் நெற்றி அவர் தோளில் படும். முதுகு துணியை விட்டு முழுதாகப் பிரிய வேண்டும். ஒரு கையால் சட்டையின் சுருக்கத்தைக் கீழே இழுத்து விடுவார். பிறகு குனிந்து, தன் முழங்காலை என் முழங்காலில் அணைத்துப் பின்னால் தள்ளுவார். பிட்டம் இருக்கையின் கடைசி வரை போனதும் என்னை மெதுவாகப் பின்னால் சேர்ப்பார். கடைசியாக இடுப்புப் பட்டை. பழகியபின் இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வேலைக்கு வரும் எந்த உதவியாளருக்கும் நாங்கள் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் இது.

சாய்க்கும் கோணத்திலும் கவனம் வேண்டும். கொஞ்சமாக 10, 15 டிகிரி சாய்த்துவிட்டு, பாரம் மாறிவிட்டது என்று நினைப்பது பயனில்லாதது. பாரம் மாறாது, இழுபாடு மட்டும் வரும். பாரம் மாறுவதற்காகச் சாய்ப்பதென்றால் நன்றாகச் சாய்க்க வேண்டும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடமாவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பாடம் நடத்தும்போதும் அதை விடுவதில்லை. அலைபேசியில் மணி அடித்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் "ஐயா, நேரமாகிவிட்டது" என்பார்கள். மகன் வந்து சாய்ப்பான். நான் கூரையைப் பார்த்தபடி செய்யுளை விளக்குவேன்.

மகன் சாய்க்கும் முன் "அப்பா, சாய்க்கட்டுமா?" என்று கேட்பான். இது எங்கள் வீட்டில் கட்டாயம். கைப்பிடி நாற்காலியின் பின்னால் இருக்கிறது, அது என் கையில் இல்லை. உணர்வும் பிடிப்பும் இல்லாத உடலைச் சொல்லாமல் பின்னால் இறக்கினால் கிணற்றில் விழுவதாகத்தான் மனம் பதறும். அந்தப் பதற்றத்திலேயே கால்கள் வெட்டி இழுக்கும். விருந்தினர் முன் என்னைக் கேட்காமல் சாய்ப்பதும் எனக்குப் பிடிக்காது. உதவி செய்பவர்கள் எவ்வளவு அன்பானவர்களாக இருந்தாலும், இது இன்னொருவருடைய உடல் என்பதை மறக்கக் கூடாது. மின்சாரத்தில் சாயும் நாற்காலிகளில் மணிக்கட்டால் தானே இயக்கிக்கொள்ளலாம். பணம் சேர்ந்தால் அதற்குத்தான் மாறுவேன்.

உயிர் காக்கும் விஷயம் ஒன்று. மார்புத் தண்டுவடத்தின் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, எதிரெதிரான இரண்டு அவசரங்கள் வரும். மயக்கம் வந்து முகம் வெளுத்தால் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. சாய்த்துக் காலை உயர்த்த வேண்டும். தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் கனன்று, கழுத்துக்கு மேலே மட்டும் வியர்த்துக் கொட்டினால் இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது; அப்போது சாய்க்கவே கூடாது. இதை ஆட்டோனாமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா என்பார்கள். நிறைந்த சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், இறுகிய உடுப்பு என்று அடிபட்ட மட்டத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உடலைச் சீண்டுவதால் வருவது. ஒரு நாள் மதிய ஓய்வில் சாய்ந்திருந்தபோது எனக்கு அப்படித் தலைவலி தொடங்கியது. நெற்றியில் வியர்வை வழிந்தது. பக்கத்தில் இருந்த உறவினர் பதறி, இன்னும் நன்றாகப் படுக்க வையுங்கள் என்றார். மனைவி மறுத்து, உடனே காலை இறக்கி முதுகை நேராக நிமிர்த்தினார், வேட்டியையும் இடுப்புப் பட்டையையும் தளர்த்தினார், பிறகு குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். கால் தாங்கியின் கீலில் அது நசுங்கிக் கிடந்தது. எடுத்துவிட்டதும் சிறுநீர் இறங்கியது, சற்று நேரத்தில் வலியும் இறங்கியது. அப்படி இறங்காவிட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்; பக்கவாதம் வரை கொண்டுபோகக்கூடியது இது. அன்றிலிருந்து குழாய் தொடையின் மேலாக வந்து, கால் தாங்கியின் உள்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலில் கட்டிய பைக்குப் போகிறது. சாய்த்து முடித்ததும், நிமிர்த்தி முடித்ததும் அதைப் பார்க்கிறோம்.

சாப்பாடு எப்போதும் நிமிர்ந்த நிலையில்தான், சாப்பிட்ட பின்னும் அரை மணி நேரம் அப்படியே. நெஞ்சுத் தசை வேலை செய்யாததால் என்னால் பலமாக இரும முடியாது. புரையேறினால் உணவு நுரையீரலுக்குப் போய்விடும். என் அம்மாவுக்கு இதைப் புரியவைக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. நான் சாய்ந்திருக்கும்போது பாலைக் கொண்டுவந்து, "ராசா, அப்படியே ஒரு வாய் குடித்துவிடு, எதற்கு எழுப்பி அலைக்கழிக்க வேண்டும்" என்பார். இப்போது அவரே முதலில் நிமிர்த்தச் சொல்கிறார்.

குஷனை நாற்காலியோடு சேர்த்தே வாங்க வேண்டும். நாற்காலியோடு வரும் ரெக்சின் இருக்கை போதாது. நுரை, ஜெல், காற்று என்று வகைகள் உண்டு. புண் வந்து ஆறியவர்களுக்குப் பெரும்பாலும் காற்றுக் குஷனைச் சொல்கிறார்கள். காற்றுக் குஷனில் காற்று அதிகமானாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். உட்கார்ந்த பின், பிட்டத்து எலும்புக்கு நேர் கீழே கையை விட்டுப் பார்த்தால் எலும்புக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை இடம் இருக்க வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள வளையக் குஷனை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும், உறவினர்கள் வாங்கி வந்து தருவார்கள். அது புண்ணைக் காப்பதற்குப் பதிலாகச் சுற்றிலும் இரத்த ஓட்டத்தை நெரித்துப் புதிய புண்ணை உண்டாக்கும்.

இரவில் கட்டிலுக்கு மாற்றியதும் தோலைப் பார்ப்பது தவறக் கூடாது. சிவந்திருக்கிறதா பாருங்கள் என்று கையேடுகளில் இருக்கிறது. நம் நிறத்தில் சிவப்பு சுலபமாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கிறதா, புறங்கையை வைத்தால் சூடாக இருக்கிறதா, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி ஏதாவது அரை மணி நேரத்துக்கு மேலும் மறையாமல் இருந்தால், மறுநாள் அந்த இடத்தின் மேல் உட்காரக் கூடாது. மறுநாள் கல்யாணமாக இருந்தாலும் சரி.

கோடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு உடல் தானாகக் குளிர்ந்துகொள்ளாது, அடிபட்ட மட்டத்துக்குக் கீழே வியர்க்காது. கத்திரி வெயிலில் ரெக்சின் முதுகில் சாய்ந்து கிடந்தால் காய்ச்சல்போல உடம்பு சுடும். பருத்தி உறை போட்டிருக்கிறோம், கழுத்தில் ஈரத் துண்டு. வாசலில் நிறுத்திவைத்த நாற்காலியில் நேராக உட்கார வைக்க மாட்டோம். வெயிலில் காய்ந்த இரும்புக் குழாய் தொடையைச் சுட்டாலும் எனக்குத் தெரியாது.

இயந்திரப் பகுதியில் பெரிய மர்மம் ஏதுமில்லை. எங்களுடையதில் முதுகைத் தாங்குபவை இரண்டு காற்று உருளைகள். தள்ளும் பிடிகளில் உள்ள நெம்புகோல்கள் இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் விடுபடும். நாளடைவில் ஒரு பக்கத்துக் கேபிள் தளர்ந்து, முதுகு கோணலாக இறங்கத் தொடங்கும். கேபிள் சைக்கிள் பிரேக் கேபிள் போன்றதுதான். எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் திருகி இறுக்கிக் கொடுத்துவிட்டார். முன்சக்கரத்தின் அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொள்ளும், வாரம் ஒரு முறை எடுக்க வேண்டும். பின்பக்கத்தில் கவிழாமல் தாங்கும் குட்டிச் சக்கரங்கள் இரண்டு உண்டு. நிலைப்படி தாண்ட இடைஞ்சல் என்று அவற்றைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். தாண்டியதும் மாட்டிவிட வேண்டும்; அவை இல்லாமல் ஒரு முறைகூடச் சாய்க்கக் கூடாது. பயணத்துக்கு இது வசதியான நாற்காலி அல்ல. ஆட்டோவில் ஏறாது. முதுகைக் கழற்றினால்தான் காரின் பின்பக்கம் போகும். வேனில் நாற்காலியோடு ஏற்றினால் நான்கு மூலையும் கட்டி, முதுகை நிமிர்த்தி வைத்துத்தான் போக வேண்டும். சாய்ந்த நிலையில் போனால் பிரேக் அடிக்கும்போது உடல் பட்டைக்கு அடியில் வழுக்கிவிடும்.

எங்களுக்கு நாற்காலிக்கு 20,000 ரூபாயை ஒட்டிச் செலவானது, குஷன் தனி. சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகவும், கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசு நிறுவனமான அலிம்கோ நடத்தும் முகாம்கள் வழியாகவும் உதவி உபகரணங்கள் கிடைக்கின்றன. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்க வேண்டும். தமிழக அரசு கடுமையான பாதிப்புள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் தருகிறது. விண்ணப்பத்தில் வெறுமனே சக்கர நாற்காலி என்று எழுதினால் சாதாரண மடக்கு நாற்காலிதான் வரும். அதனால் மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ சான்று வாங்கும்போதே விவரமாக எழுதச் சொல்லுங்கள்: எந்த மட்டத்தில் அடி, முதுகு சாய வேண்டுமா இருக்கையோடு சாய வேண்டுமா, தலை தாங்கி, உயரும் கால் தாங்கி, கழற்றக்கூடிய கைதாங்கி, எந்த வகைக் குஷன், இருக்கையின் அகலமும் ஆழமும் எத்தனை அங்குலம். அந்தத் தாளை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டு, மற்றொன்றில் அலுவலக முத்திரை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.